பனங்கட்டியும் ஒரு தாதியும்

எமது தேவாலய மண்டபத்தில் நடந்த நீரிழிவு இரத்தப் பரிசோதனையில் அந்தத் தாதியைச் சந்தித்தேன். மெலிந்தவர். ஊசி குத்துமுன் ஒவ்வொருவரின் விரலையும் தம் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுவார்.

"சீனி பாவிக்கிறியளோ, ஐயா?"

"இல்லைப் பிள்ளை. பனங்கட்டி கடிச்சுத்தான் தேத்தண்ணி குடிக்கிறனான்" என்றேன், பெருமிதத்துடன்.

கருவியின் இலக்கத்தைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

"இரத்தத்துக்கு ரெண்டும் ஒண்டுதான், ஐயா. சீனி வருத்தம் இன்னும் வரேல்லை, வாசலிலை நிக்குது. பனங்கட்டியை விட்டிட்டு ஒவ்வொரு நாளும் நடவுங்கோ."

வரிசையில் என் பழைய மாணவர்கள் நின்றனர்.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று குரலைத் தாழ்த்தினேன்.

"நான் சொல்லமாட்டன். நீங்கள் கவனிக்காட்டில், ஆறாத புண்ணோடை கால் சொல்லிப்போடும்."

அவர் பகிடி விட்டாரா, எச்சரித்தாரா என்பது இன்றும் தெளியவில்லை. ஆயினும், பாதங்களைப் பாராமல் சப்பாத்து அணிய அஞ்சுகிறேன்.