ஐந்து கிலோ கல்லுக்கு அடியில்

அன்று அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி இருந்தார், தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர், என் முதலாளி. அவர் மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றார்; மண்டியில் நாங்கள் எல்லோரும் அவரை மதினி என்போம். அவர்கள் மகன் இருந்தான், பி.யு.சி. முடித்தவன், மெலிந்த பையன், நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பான். அண்ணாச்சியின் மச்சினர் இருந்தார். உப்பளக்காரர், எதையும் கேலியாகவே பேசுகிறவர். சோசியர் இருந்தார். நான் இருந்தேன், மண்டியில் தராசு பிடிக்கிறவன், அப்போது இருபத்து மூன்று வயது. ஆறு பேர். என் தங்கை இல்லை. அங்கே பேசியது அவள் பிழைப்பை என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி இரண்டாம் தேதி. வெளியே காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஆடியில் தோணிகள் கொழும்புக்கு ஓடாது. பாய் இறக்கிக் கட்டிப் போட்டுவிடுவார்கள். சரக்கு ஏற்றுவது இல்லை, மண்டியில் வேலை இல்லை, அதனால் எல்லோரும் உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் மேசையில் இரண்டு கவர். இரண்டிலும் அந்தப் பையனுக்கு டாக்டர் படிப்புக்கு இடம். ஒன்று நம் பக்கத்து அரசாங்கக் காலேஜ். இன்னொன்று வெளிமாநிலத்தில், பெரிய பெயர் வாங்கிய பழைய காலேஜ். இரண்டுக்கும் ஆனி மாதமே பணம் கட்டியாகிவிட்டது. ஜன்னல் வழியே வந்த காற்றில் கவர்கள் பறந்தன. அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏலே, தராசுக்கல்லு ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார். ஐந்து கிலோ இரும்புக் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி இரண்டு கவர்களின் மேலும் சேர்த்து வைத்தார்.

எதை எடுப்பது என்ற பேச்சு பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. மதினிக்குப் பக்கத்தில் இருக்கும் காலேஜ்தான் பிடித்தது. வாரம் ஒரு தரம் மகன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். மச்சினர் சிரித்தார். "சோத்துக்காவ ஒருத்தன் காலேஜ் பாப்பானா? அந்தப் பேரச் சொன்னா நாளைக்குப் பொண்ணு குடுக்குதவன் கார்ல வாரான் அத்தான்." அண்ணாச்சி மகனைப் பார்த்தார். "நீ என்னல சொல்லுத?" அவன் தூரத்துக் காலேஜ் பெயரைச் சொன்னான். அண்ணாச்சி சரி என்று தலையாட்டினார். முடிந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. மதினி உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார்.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் நானும் என் தங்கையும் பஸ் ஏறி அந்த அரசாங்கக் காலேஜ் ஆபீசுக்குப் போய் வந்தோம். எங்கள் அப்பா உடன்குடிப் பக்கம் பனை ஏறினவர். இவள் எட்டு படிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். இவள் நிற்கவில்லை. பி.யு.சி.க்குச் சம்பளம் கட்டியது அண்ணாச்சி. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர் படிப்புக்கு எழுதிப் போட்டாள். காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் என்று கார்டு வந்தது. அப்படி என்றால் என்ன என்று கேட்கத்தான் போனோம். கிளார்க் நல்ல மனுஷன். பொறுமையாகச் சொன்னார். "மொத்தம் எழுபத்தஞ்சு சீட்டு. நெறஞ்சிட்டு. யாராவது ஒருத்தர் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா மறுநாளே இந்தப் பிள்ளைக்குக் கார்டு வரும். ஒங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ரெண்டு எடத்துல பணம் கட்டிருக்கான்னு கேள்வி. போய்க் கேட்டுப் பாரும்." பட்டியல் மூடுகிற நாளை இங்கிலீஷ் தேதியில் சொன்னார். நான் மனசுக்குள் தமிழ்த் தேதி பார்த்தேன். ஆடி இருபத்தெட்டு. திரும்பும்போது ஒரு பெரிய அறையின் கதவு திறந்திருந்தது. என் தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஸ்டூலெல்லாம் எவ்வளவு ஒசரம் பாத்தியளா" என்றாள். கால் தரையில் படாதோ என்று அவளுக்குக் கவலை. பஸ்ஸில் வரும்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதனால் அன்று காப்பி வந்ததும் நான் வாயைத் திறந்தேன். அந்த அறையில் நான் பேசுவது வழக்கம் இல்லை. "அண்ணாச்சி, இந்தக் காலேஜ் வேண்டாம்னா ஒரு வரி எழுதிக் குடுங்க. தங்கச்சி பேருதான் அடுத்தது. இருபத்தெட்டாந் தேதியோட மூடுதாங்க" என்றேன். அண்ணாச்சி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அன்பாகத்தான் பார்த்தார். "குடுத்திருவோம்ல. ஆடி கழியட்டும். ஆடியில போயி வந்த சீதேவிய வேண்டாம்னு எழுதுனா பையனுக்கு ஆவுமா?" சோசியர் பக்கம் திரும்பினார். சோசியர் அண்ணாச்சி முகத்தைப் பார்த்துவிட்டு, ஆகாது என்றார். "அண்ணாச்சி, ஆடிப் பதினெட்டு நல்ல நாளுல்லா? அன்னைக்கு எழுதலாமே" என்றேன். மச்சினர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அது ஆத்தங்கரைக்காரனுக்குல! நெல்லு வெதைக்கவன் கும்பிடுதான். செம்மண் தேரிக்காட்டுக்காரனுக்கு ஆறு ஏது, பெருக்கு ஏது?" எல்லோரும் சிரித்தார்கள். பையன் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு குடோனில் என்னிடம் வந்தான். "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணே. இப்பவே எழுதிருவேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும்." அவன் கையில் பேனா இருந்தது. சட்டைப் பையில் குத்திக்கொண்டு போய்விட்டான்.

கல்லை யாரும் எடுக்கவில்லை. தினமும் சாமி விளக்கு ஏற்ற வரும்போது மதினி அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார். சில்லறை வியாபாரத்துக்கு எனக்கு அந்தக் கல் வேண்டும். இரண்டு கிலோ கல் இரண்டும் ஒரு கிலோ கல்லும் சேர்த்துப் போட்டு நிறுத்தேன்.

ஆடி பதினைந்து இருக்கும். மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டது. கடற்கரைத் தெருக்காரர் ஒருவர் தம் தோணியை விற்க வந்தார். திருவிழாவுக்கு முன்னால் பணம் வேண்டும் அவருக்கு. கட்டிப் போட்ட தோணியை ஆடியில் யார் வாங்குவார்? பாதி விலைக்குச் சொன்னார். அண்ணாச்சி அதிலும் கொஞ்சம் குறைத்தார். அதே அறை, அதே மேசை. கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பத்திரத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, இது ஆடியில்லையா?" என்றேன். மச்சினர், "இது ஆடித் தள்ளுபடில" என்றார். அண்ணாச்சி நிதானமாக எனக்குப் பதில் சொன்னார், பிள்ளைக்குச் சொல்வது போல. "வாரத எப்ப வேணாலும் வாங்கலாம். விடுறதத்தான் ஆடியில விடக் கூடாது." அவர் அதை நம்பித்தான் சொன்னார். என்னை ஏய்க்கச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏய்ப்பவனாக இருந்தால் ஒரு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

இருபத்தைந்தாம் தேதி என் தங்கையே மண்டிக்கு வந்தாள். ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள், தலையெல்லாம் செம்மண். கல்லாவுக்கு முன்னால் நின்றாள். அண்ணாச்சி உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. "அண்ணாச்சி, ஒரே ஒரு வரி. நானே எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஒங்க வீட்டுத் தம்பி கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றாள். தாளை நீட்டினாள். அண்ணாச்சி அதைத் தொடவில்லை. "ஏளா, நீ எம் மவ மாதிரி. ஒனக்குக் கெடுதி நெனப்பேனா? இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம். பணம் நான் கட்டுதேன்." கடைப் பையனிடம் நல்ல கருப்பட்டியாக ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கொடுக்கச் சொன்னார். அவள் கொட்டானை வாங்கவில்லை. "அடுத்த வருசமும் ஆடி வரும்லா அண்ணாச்சி?" என்றாள்.

மண்டியே சிரித்தது. அண்ணாச்சிதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. பிறகு எத்தனையோ வருஷம், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "இவன் தங்கச்சி என்ன கேட்டா தெரியுமா" என்று ஆரம்பிப்பார். நல்ல கெட்டிக்காரி என்று முடிப்பார். நான் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தட்டு ஆடும்.

ஆவணி ஒன்று. காலையில் குளித்து, விபூதி பூசி, அண்ணாச்சி கல்லை எடுத்தார். அடியில் கவர் இரண்டிலும் வட்டமாகத் துருக்கறை. மகன் எழுதினான், கையெழுத்துப் போட்டான். சந்தனம் தொட்டு என் கையில் கொடுத்து, "நீயே நேர்ல கொண்டு போ. ஒந் தங்கச்சி காரியம்" என்றார் அண்ணாச்சி. பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தார். போனேன். முடியாது என்று தெரிந்தும் போனேன். அதே கிளார்க். வாங்கிப் படித்தார். "இத இப்பக் கொண்டாந்து என்ன செய்ய? பட்டியல் மூடியாச்சே" என்றார். "அப்ப அந்த எடம்?" என்றேன். "எழுபத்தஞ்சுல ஒண்ணு அப்படியே கெடக்கும். அஞ்சு வருசமும்." எனக்கு முதலில் புரியவில்லை. வேறு யாராவது ஒருவருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் அத்தனை நாள் கோபப்பட்டிருந்தேன். யாருக்கும் இல்லை. அவனும் உட்காரவில்லை, இவளும் உட்காரவில்லை. கொடுத்தால் குறையாத ஒன்று, சும்மா கிடந்து வீணாய்ப் போயிற்று.

அடுத்த வருஷமும் எழுதிப் போட்டாள். அண்ணாச்சி சொன்னபடி பணம் கட்டினார். பட்டியலில் பெயர் வரவில்லை. டீச்சர் டிரெயினிங் போனாள், உடன்குடிப் பக்கமே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்தாள், பென்ஷன் வாங்குகிறாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தப் பேச்சை அவள் எடுத்ததும் இல்லை. அண்ணாச்சி மகன் பெரிய டாக்டர். நல்ல டாக்டர் என்கிறார்கள், இருக்கட்டும். அண்ணாச்சி செத்து வெகு காலமாகிறது. நான் போய்த் தூக்கினேன். சுடுகாட்டில் நாலு பேர் அவரைத் தருமவான் என்றார்கள்.

இப்போது எனக்கு முழங்கால் வேலை செய்வதில்லை. அந்தக் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத்தான் மாதம் ஒரு தரம் போகிறேன். என் தங்கை கூட வருவாள். போன வாரம் மருந்து வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தேன். பழைய மாணவர்கள் சேர்ந்து, அவர்கள் முதல் வருஷம் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே வருஷம் இருந்தது. அதே வருஷம். நாலு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது, மேலே கல் வைக்க வேண்டியதில்லை. நான் கம்பை ஊன்றிக்கொண்டு, விரலை வைத்து, வரிசை வரிசையாக எண்ண ஆரம்பித்தேன்.

"எண்ணிட்டியளா அண்ணே?" என்றாள் பின்னாலிருந்து. மருந்துச் சீட்டு அவள் கையில் இருந்தது. "நான் போன மாசமே எண்ணிட்டேன்."

எழுபத்து நான்கு.