மூத்தவளுக்கு வாங்கிய துப்பாக்கி

அக்காவின் துப்பாக்கி எங்கள் வீட்டை விட்டுப் போனது அம்மாவால் அல்ல. என்னால். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் நடுவில் எனக்குத் துணிவு போய்விடும். பிள்ளைகளே, உங்கள் அக்கா ஏன் அம்மாவோடு கதைப்பதில்லை என்று நீங்கள் இருவரும் பிரெஞ்சில் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போயிருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீங்கள் படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும்.

அக்காவுக்குப் பதினைந்து வயதில் அது தொடங்கியது. கோடை விடுமுறை முடிந்ததும் நகரசபை ஒரு மைதானத்தில் எல்லாச் சங்கங்களையும் கூட்டி மேசை போட்டு உட்கார வைக்கும். நீச்சலுக்குப் பெயர் கொடுக்கப் போனவள், காற்றுத் துப்பாக்கி வைத்திருந்த மேசையில் நின்றுவிட்டாள். ஐந்து குண்டு சுட்டாள். அங்கே இருந்த கிழவர், ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அவள் சுட்ட குறியட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு முதல் எங்கே சுட்டாய் என்று கேட்டாராம். எங்கேயும் இல்லை என்றிருக்கிறாள். அவர்தான் அந்தக் கழகத்தின் தலைவர்.

கழகம் பாரிஸ் புறநகரில் ஒரு விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே, நிலத்துக்கு அடியில் இருந்தது. நான் கொண்டுபோய் விடுவேன், உள்ளே போகமாட்டேன். காற்றுத் துப்பாக்கிக்குச் சத்தம் இல்லை. ஆனால் பெரியவர்கள் சுடும் பக்கத்திலிருந்து சீமெந்துக்குள்ளால் அமுங்கி அமுங்கி ஒரு சத்தம் வரும். அது கேட்காத தூரத்துக்குப் போய், பேருந்துத் தரிப்பில் நிற்பேன்.

அம்மாவின் தம்பியை, உங்கள் சின்னமாமாவை, நீங்கள் படத்தில்தான் கண்டிருக்கிறீர்கள். பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவன். 2009 வைகாசியில் வன்னியில் செல் குண்டு விழுந்து செத்தான். உடலை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு ஒருவர் தொலைபேசியில் சொன்னார், அவ்வளவுதான். எங்களிடம் இருந்த அவனுடைய ஒரே படம் இயக்கத்தின் வரி உடுப்போடு எடுத்தது. அதைத்தான் அம்மா சாமித் தட்டுக்கு மேலே மாட்டினாள். வேறு படம் இருந்திருந்தால் இந்தக் கதை வேறாகியிருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு.

பதினெட்டு முடிந்ததும் அக்காவுக்குச் சொந்தமாக உண்மையான கைத்துப்பாக்கி வேண்டும் என்றாகிவிட்டது. கழகத்துத் துப்பாக்கி நூறு கை பட்டது, அதை வைத்துப் போட்டிக்குப் போக முடியாது என்றாள். இங்கே அது இலேசான காரியம் இல்லை. கழகத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கச் சுட்டு, கொப்பியில் முத்திரை வாங்க வேண்டும். மருத்துவரின் கடிதம், தலைவரின் கையெழுத்து, வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறது என்பதற்குப் பற்றுச்சீட்டு, எல்லாம் வேண்டும். பிறகு மாதக்கணக்காகக் காத்திருந்தோம். அனுமதி வந்த அன்று அவள் படிகளில் ஓடி ஏறி வந்த சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து ஏசினாள்.

அம்மா அன்று சமைக்கவில்லை.

"உங்களுக்கென்ன விசரே?" என்று என்னைத்தான் கேட்டாள். "அவனைத் திண்ட சாமானை வீட்டுக்கை கொண்டு வரப் போறியளோ?"

அக்கா சொன்னாள்: "மாமா செத்தது செல்லாலை, அம்மா. இது கடதாசியைச் சுடுற சாமான்."

அப்படி அவள் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா குசினிக்குள் போய் வெறும் சட்டியைக் கழுவினாள்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். அக்கா சனிக்கிழமைகளில் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் நின்று உழைத்ததும், நான் ஒதுக்கி வைத்ததும் சேர்த்துத் தொள்ளாயிரம் யூரோ. அதில் மூன்றில் ஒன்றை இரும்புப் பெட்டி விழுங்கிவிட்டது. நடைச் சுவர் மட்டும்தான் கல். மற்றதெல்லாம் தட்டினால் பொள்ளென்று கேட்கும் சுவர். அந்தக் கல்லில் நாலு துளை போட்டுப் பெட்டியை நானே பொருத்தினேன். மிச்சம் அறுநூறுக்குள் துப்பாக்கி.

அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுத வேண்டும். கடையில் கத்தரிக்காய்ப் பெட்டி இறக்குகிற நேரத்திலும் துப்பாக்கிதான் மண்டைக்குள் ஓடியது. அக்கா பிரெஞ்சுச் சஞ்சிகைகளை வாசித்து எனக்குத் தமிழில் சொல்வாள், நான் ஒரு கடதாசியில் எழுதுவேன். கிழவரிடமும் போய்க் கேட்டோம். அன்றுதான் முதன்முதல் நான் அந்தப் படியில் இறங்கினேன்.

"சின்னத் துப்பாக்கி இடுப்பில் மறைக்கிறவனுக்கு," என்றார் அவர். "இவள் யாருக்கும் மறைக்கத் தேவையில்லை. முழு அளவானதை வாங்குங்கள். பாரம் கூடினால் உதைப்புக் குறையும். குழல் நீண்டால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி கூடும், குறி பிசகாது." பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார், எனக்கு விளங்க வேண்டும் என்று: "மிஸ்யூ, துப்பாக்கி ஒரு தடவைதான் வாங்குவது. தோட்டா ஒவ்வொரு கிழமையும். மலிவான தோட்டா எதற்குக் கிடைக்குமோ அதை வாங்குங்கள்."

அதனால் ஒன்பது மில்லிமீற்றர் என்று முடிவாகியது. அந்தத் தோட்டா எல்லாக் கடையிலும் இருக்கும்.

துப்பாக்கிக் கடையில் மூன்று எடுத்து வைத்தார்கள். கடைக்காரன் என்னைப் பார்த்தே கதைத்தான். நான் வாய் திறக்கப் போக, அக்கா காதுக்குள் சொன்னாள்: "அப்பா, பேசாமல் நில்லுங்கோ. உங்கட பிரெஞ்சைக் கேட்டால் விலையைக் கூட்டிப்போடுவான்."

முதலாவது புதிது, பிளாஸ்டிக் உடம்பு, விலை சரி. பாரம் இல்லாததால் அவள் கையில் துள்ளும் என்று கிழவர் முன்பே எச்சரித்திருந்தார். மூன்றாவது போட்டிக்கென்றே செய்தது. அதன் விலையைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம். நடுவில் இருந்தது செக் நாட்டுச் சாமான், முழுக்க இரும்பு, பழையது. கண் மங்கிப்போன ஒருவர் விற்றது. கைப்பிடியின் ஓரத்தில் கறுப்புத் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே வெட்டிய சுற்றுவரிகள் தேயாமல் கூர்மையாக இருந்தன. அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டியது. விசை மணல் அரைபடுவது போல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது என்றாள்.

"நீங்களும் பிடிச்சுப் பாருங்கோ அப்பா."

பிடித்தேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். துப்பாக்கியை நான் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஆனால் இருபத்திரண்டு வயதில் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் என்னை முழங்காலில் இருத்திப் பின்கழுத்தில் ஒன்றை வைத்தார்கள். இரும்பின் அந்தக் குளிர் எனக்குத் தெரியும். மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, இது நல்லது, இதை எடு என்றேன். மகளுக்குக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நாங்கள் பெருமையடிப்பதைக் கேட்டு அம்மா சொன்னாள்: "கத்தரிக்காய் பொறுக்கிற மாதிரிப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறியள். புழு, சூத்தை இருக்கோ எண்டு வடிவாப் பாத்தியளோ?" அவளுக்குக் கோபம் ஆறத் தொடங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு வழக்கம் போல எல்லாம் வைத்தோம். உங்கள் புத்தகப் பைகள், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், பெட்டி வெட்டும் என் கத்தி. பஜோல் தெருக் கோயிலடியில் வாங்கிய மாலையைச் சாமிப் படத்துக்குப் போட்டுவிட்டு, மிஞ்சிய துண்டை அம்மா சின்னமாமாவின் படத்துக்குப் போட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"அவளின்ர சாமானையும் கொண்டுவந்து வையுங்கோ. அவளின்ர ஆயுதம் அதுதானே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்து, தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, கொண்டுவந்து வைத்தாள். அம்மா சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். நீங்கள் இருவரும் வடை எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் படம் எடுத்தேன். கனடாவில் இருக்கும் என் தங்கைக்கு, உங்கள் மாமிக்கு, அனுப்பினேன். பார், உன் மச்சாள் மாறிவிட்டாள் என்று அம்மாவைக் காட்டத்தான் அனுப்பினேன். வேறொன்றும் என் மனதில் இல்லை.

மாமி அதை முகநூலில் போட்டாள். "எங்கட வீட்டுச் சிங்கக்குட்டி. சின்னமாமாவுக்கு ஏற்ற மருமகள்" என்று எழுதியிருந்தாள். அவளும் பெருமையில்தான் எழுதினாள். நானும் அதைப் பார்த்தேன், பிள்ளைகளே. பார்த்துவிட்டு விரலால் ஒரு விருப்பமும் போட்டேன். அந்தப் படத்தை வெளியாள் ஒருவர் பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்கு உறைக்கவில்லை. வரி உடுப்போடு ஒருவன், மாலை, விளக்கு, அதன் கீழே குங்குமம் பூசிய துப்பாக்கி. நாங்கள் பூசையைக் கண்டோம். அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களால் பாரிஸில் எல்லோரும் பயந்து கிடந்த வருடங்கள் அவை. படம் யார் யாரோ கைக்குப் போய், எங்கேயோ ஒருவர் பொலிசுக்கு அறிவித்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் பொலிசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒரு ஆணும் பெண்ணும். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். மாமி போட்ட படத்தைக் காட்டி, சுவரில் இருப்பது யார் என்று கேட்டார்கள். அம்மா "என்ர தம்பி" என்றாள், அக்கா மொழிபெயர்த்தாள். எப்போது எடுத்த படம், எந்தக் குழு, மகளுக்கு அவர்களோடு தொடர்பு உண்டா என்று கேள்வி நீண்டது. அத்தனைக்கும் அக்காவே மொழிபெயர்த்து, அக்காவே பதில் சொன்னாள். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அனுமதி நீக்கப்பட்டது, ஆயுதம் வாங்க முடியாதவர்களின் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. கிழவர் அவளுக்காக ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். மறுமொழி வரவில்லை. மாசியில் நடக்க இருந்த பிராந்தியப் போட்டிக்கு அவள் ஒரு வருடமாகப் பயிற்சி எடுத்திருந்தாள்.

பொலிஸ் போன அன்றே, கதவு சாத்தியதும், அக்கா நடுவீட்டில் நின்று கேட்டாள்:

"ஆர் மாமிக்கு அனுப்பினது?"

ஒரு மூச்சு எடுக்கிற நேரம்தான். அதற்குள் அம்மா சொன்னாள்: "நான்தான்."

"நீங்கள்தான் அதை வைக்கச் சொன்னதும். முதல்ல இருந்தே உங்களுக்கு விருப்பமில்லைதானே," என்றாள் அக்கா. பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு குசினிக்குள் போய் அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர் என்று.

"அவள் என்னோடை எப்பவும் சண்டைதான், எனக்குப் பழகிப் போச்சு. உங்களோடையும் கதைக்காமல் விட்டாளெண்டால் இந்த வீட்டிலை அவளுக்கு ஆர் இருக்கு? பேசாமல் இருங்கோ."

நான் பேசாமல் இருந்தேன். இது அம்மாவுடைய யோசனைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் அக்கா படிப்பைச் சொல்லி லியோன் நகரத்துக்குப் போனாள், அங்கேயே வேலையும் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். சாப்பிட்டியோ, குளிரோ, வேலை எப்படி என்று கதைப்போம். அம்மா மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். வருடங்கள் இப்படிப் போயின.

இந்தத் தை மாதம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வயிற்றில் வெட்டினார்கள், உங்களுக்குத் தெரியும். அக்கா வரவில்லை. "நல்லா முடிஞ்சுதோ?" என்று என்னிடம் கேட்டாள். ஓம் என்றேன். "சரி" என்றாள். மயக்கம் தெளிந்து கிடந்த அம்மா முதலில் கேட்டது, "எடுத்தவளோ?" என்று. எடுத்தாள் என்றேன். "என்னோடை கதைக்கக் கேட்டவளோ?" என்றாள். பொய் சொல்ல என்னால் முடியவில்லை, இல்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு அக்கா எடுத்தபோது சொல்லிவிட்டேன்.

"பிள்ளை, அந்தப் படம் நான் அனுப்பினது. அம்மா இல்லை."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"இவ்வளவு நாளும்?" என்றாள்.

"ஓம்."

"நான் அம்மாவுக்கு அண்டைக்குச் சொன்னது உங்களுக்கு விளங்கினது. பிரெஞ்சிலை. உங்களுக்கு விளங்கினது, அப்பா."

"ஓம்."

பிறகு, "அம்மாவிட்டைக் குடுங்கோ" என்றாள்.

கொடுத்தேன். அம்மா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அம்மா முகத்தைத் துடைத்திருந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு அம்மாவின் தொலைபேசிக்குத்தான் வருகிறது, எனக்கு வருவதில்லை. நீண்ட நேரம் கதைக்கிறார்கள், சில வேளை சிரிக்கிறார்கள். முடிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்கிறாள்: "அப்பாவும் பக்கத்திலைதான் இருக்கிறார். குடுக்கட்டோ?" கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருப்பாள். பிறகு, "சரி பிள்ளை, வை" என்பாள்.