ஆடிட் ஆயா

எங்கள் கம்பெனியில் குழந்தைகள் அறை என்று ஒன்று இருக்கிறது. சுவரில் யானையும் மயிலும் ரயில்வண்டியும் வரைந்திருக்கும். இரண்டு தொட்டில், குட்டி நாற்காலிகள், பிளாஸ்டிக் குதிரை, பெட்டி நிறையப் பொம்மை. பார்த்துக்கொள்ள ஆயாவும் உண்டு. அந்த ஆயா நான்தான். ஆடிட் நடக்கிற அன்றைக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் நான் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடிக்கொண்டிருப்பேன். அறை பூட்டிக் கிடக்கும்.

பனியன் கம்பெனிப் பக்கம் வராதவர்களுக்கு ஆடிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார். வருகிற தேதி எங்களுக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்ததும் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். கட்டிங் ஆட்களுக்கு இரும்புக் கையுறை கொடுப்பார்கள், ஆடிட் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பாத்ரூமுக்கு சோப்பு வரும். முதலுதவிப் பெட்டிக்குச் சாவி கிடைத்துவிடும். முந்தின நாள் எல்லோரையும் கேண்டீனில் உட்கார வைத்து எச்.ஆர். தம்பி மைக்கில் பதில் பழக்குவார்.

"சூப்பர்வைசர் திட்டுவாருங்களா?"

"இல்லீங்க!"

"ஓவர்டைம் கட்டாயமுங்களா?"

"இல்லீங்க, நாங்களா விருப்பப்பட்டுப் பாக்கறதுங்க!"

பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் மாதிரி கோரஸ் பாடுவோம். எனக்கு நீல ஏப்ரனும் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் தருவார்கள். சின்னப் பிள்ளை வைத்திருக்கிற பெண்கள் அன்றைக்கு மட்டும் பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நல்ல சட்டை போட்டுக் கூட்டிவர வேண்டும். மாலையில் ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் பொம்மைகளை பேக்கிங் செக்‌ஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உள்ளவர்கள் ஒவ்வொரு பொம்மையையும் பாலிபேக்கில் போட்டு, ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சின்னப் பொட்டலத்தையும் உள்ளே போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டிவிடுவார்கள். தொட்டில் விரிப்பைக்கூட ஏற்றுமதிக்கு மடிக்கிற மடிப்பிலேயே மடிப்பார்கள். வேறு மாதிரி மடிக்க எங்கள் கைக்குத் தெரியாது.

ரொம்ப நாள் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. நின்று நின்று கால் வீங்குகிற வேலையில் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகளோடு விளையாடலாம் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். எரிச்சல் வர ஆரம்பித்தது அந்தப் பெண் வந்த பிறகு.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஓவர்லாக் தையல் மெஷினில் வேலை. புருஷன் சாயப்பட்டறையில், காலையில் போனால் ராத்திரிதான் வருவான். மூன்று வயது நிறையாத ஒரு பெண் குழந்தை. பக்கத்து வீட்டு ஒரியாக்காரப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். பால்வாடியில் விடலாம் என்றால் அது மத்தியானத்துக்கு மேல் மூடிவிடும், கம்பெனி விட ராத்திரி எட்டரை ஆகும். சொந்த ஊரிலும் அவளுக்கு யாரும் இல்லை. வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

என்னிடம் வந்து கேட்டாள். "எக்கா, அந்த ரூம்பு சும்மாதான கெடக்கு. எம்பிள்ளய அதுல விட்டுக்கிடட்டுமான்னு கேட்டுச் சொல்லுதியளா?"

எனக்கு இந்த ஊர்ப் பேச்சு, முதலாளி வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. நான் கேட்டால் நடக்கும் என்று அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன். எச்.ஆர். தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று, நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டுப் பேசினார்.

"ஏனுங்கக்கா, அது ஆடிட்டுக்குன்னு வெச்சிருக்கறதுங்க. தெனமும் தொறந்து உட்டா அழுக்காயிருமுங்க. அப்பறம் ஆயா வேற போடோணும். பாத்துப் பண்ணலாமுங்க, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

எங்கள் ஊர் மரியாதை ஊருக்கெல்லாம் தெரிந்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த ஒவ்வொரு 'ங்க'வுக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடியாது என்று மூஞ்சியில் அடித்துச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு முடியாது என்பவரை என்ன கேட்பது? குடித்துவிட்டு வந்தேன்.

அவளிடம் சொன்னதும், "சரிக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். எப்படி என்று நான் கேட்பதற்குள் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு மத்தியான மணி அடித்தால் சோறு தின்னாமல் எங்கோ ஓடுவாள், திரும்ப மணி அடிக்கும்போது மூச்சிரைக்க வந்து மெஷினில் உட்காருவாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. என்னவோ ஏற்பாடு செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆடிட் வந்தது. அவளும் பிள்ளையைக் கூட்டிவந்தாள். சிவப்புச் சட்டை, இரட்டைக் குடுமி, கண் நிறைய மை. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. குதிரையைத் தொடலாமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் தொட்டது.

ஆடிட்டர் ஒரு சின்னப் பெண். நல்ல தமிழ் பேசினாள். கையில் டேப்லெட். சுவரில் இருந்த யானையைப் பார்த்துச் சிரித்தாள், பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். பின்னால் எச்.ஆர். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"குழந்தைங்க தினமும் வர்றாங்களாம்மா?"

'ஆமாங்க' என்று சொல்ல வேண்டும். மைக்கில் பழக்கியிருந்தார்கள். என் வாயில் அது வரவில்லை.

"இல்லீங்க. இன்னைக்கு மட்டுந்தானுங்க. நீங்க போனதும் பூட்டிருவாங்க. நானும் ஆயா இல்லீங்க, செக்கிங். இந்தப் புள்ளையோட அம்மா ரூம்பத் தொறந்து உடுங்கன்னு கேட்டுச்சு. முடியாதுன்னுட்டாங்க."

எச்.ஆர். தம்பியின் முகம் வெளுத்துப்போனது. அந்தப் பெண் டேப்லெட்டை இறக்கிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை என்று அவள் முகமே சொன்னது.

"அம்மா, இதை நான் இப்படியே எழுதினா ஆர்டரே போனாலும் போயிடும். அப்புறம் இங்க யாருக்குமே வேலை இருக்காது. எழுதட்டுமா? நீங்களே சொல்லுங்க."

நானா சொல்ல வேண்டும்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ரிசப்ஷன் சுவரில் ஆள் உயரத்துக்கு 'சமூகப் பொறுப்பு' என்று தங்க எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பொறுப்பை பையர் கம்பெனி தலையில் போடுகிறார். கம்பெனி எச்.ஆர். தலையில் போடுகிறது. பார்த்துவரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த பெண், பார்த்ததை எழுதலாமா என்று ஓட்டை தேடுகிற பொம்பளையிடம் கேட்கிறாள். எல்லோரும் கைமாற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருடைய சோற்றை என் நாக்கில் கொண்டுவந்து கட்டுகிறார்கள்.

"எழுதுங்க" என்றேன். "நல்லா எழுதுங்க."

எழுதினாள். என்ன எழுதினாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. ஆர்டரும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. குழந்தைகள் அறையைத் தினமும் பயன்பாட்டில் வைக்க வேண்டும், சரிசெய்துவிட்டதற்கு அத்தாட்சியாக ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். எச்.ஆர். தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போட்டோதானுங்களேக்கா! இதுக்குப் போய் என்னைப் பயமுறுத்திப் போட்டீங்களே. இப்பவே எடுத்துப் போடலாமுங்க. மறுக்காப் பொம்மையெல்லாம் பிரிக்கோணுமில்ல?"

அன்றைக்கே சரிசெய்தாயிற்று. என் ஏப்ரனைக் கழற்றி இன்னொருத்திக்கு மாட்டினார்கள். பிள்ளையின் அம்மா மெஷினை விட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றாள். என்மேல் அவளுக்குக் கோபம், வேலை போய்விடுமோ என்ற பயம். இரண்டும் முகத்தில் தெரிந்தது. பிள்ளையைக் குதிரைமேல் உட்கார வைத்தார்கள். வராண்டா வெளிச்சம் போனில் அடிக்கிறது என்று எச்.ஆர். தம்பி கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தப் போனேன்.

கதவு அசைந்ததும் பிள்ளை குதிரையை விட்டு இறங்கியது. யாரும் சொல்லாமலே நேராக மூலைக்குப் போய், சுவரில் முதுகை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. என்னைப் பார்த்துச் சொன்னது.

"பூட்டிக்கோங்க. நான் அழுவ மாட்டேன்."

நான் அதன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டப் பூட்டும்போது கேஸ் அடுப்ப மூடிட்டுத்தான்க்கா வாரேன். தண்ணி, முறுக்கு எல்லாம் கையெட்டுற எடத்துல வச்சிருக்கேன். அழுதா ஓனர் வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாரு. அதான் அழக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்."

அவளை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, யாருக்கும் இல்லை. மறுபடி பிள்ளையைத் தூக்கிக் குதிரைமேல் வைத்து போட்டோ எடுத்தார்கள். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். பையருக்கும் ரொம்பத் திருப்தியாம். மறுநாள் அறையைப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது அவள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது. மத்தியானம் அவள் ஓடுகிறாள். சாயங்கால டீ இடைவேளையில் நான் ஓடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு உங்களுக்கு நல்ல மனசு என்று என்னிடம் யாராவது சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. யாரோ செய்ய வேண்டியதை வீங்கின காலோடு நான் ஓடி ஓடிச் செய்கிறேன், அதில் என்ன நல்ல மனசு? செய்ய வேண்டியவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து அடுத்த ஆடிட்டுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நாள் நான் பூட்டைத் திறந்தபோது அது மூலையில் உட்கார்ந்திருந்தது. எழுந்து வரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, "நான் அழவேயில்ல" என்று கணக்குச் சொன்னது. நான் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் கம்பெனி வேன்கள் போய்க்கொண்டிருந்தன.

"அழு சாமி" என்றேன். "நல்லாக் கத்தி அழு. ரோட்டுல போறவிய அத்தன பேத்துக்கும் கேக்கட்டும்."

அது என் முகத்தையே பார்த்தது. எப்படி அழுவது என்று அதற்கு மறந்துவிட்டிருந்தது.