எருமையைப் புகழ்ந்து எழுதிய பலகை

கூவி விற்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுத வேண்டி வந்தது. மாங்குளம் ஸ்டேசனில் மத்தியான ரயில் வந்து நின்றதும் வடைக்காரரும் இளநீர்க்காரரும் யன்னல் யன்னலாக ஓடிக் கத்துவார்கள். நான் தயிர் உறைந்த மண்முட்டிகளை அடுக்கிய பெட்டியோடு வேலியோரம் நட்ட கட்டை மாதிரி நிற்பேன். யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டில் பெண்பிள்ளைகளைச் சத்தம் போட்டுச் சிரிக்கவே விடமாட்டார்கள். அப்படி வளர்த்துவிட்டு, போய் ரயிலைப் பார்த்துக் கத்து என்றால் எப்படிக் கத்துவது?

ஆனாலும் விற்றே ஆகவேண்டும். ஐம்பதுகளின் கடைசி அது. குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியில் நாங்கள் விதைத்த முதல் நெல்லை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதே மாரியில் மரம் தறிக்கப்போன என் கணவருக்குக் கால் முறிந்தது. கேள்விப்பட்டு ஓடிவந்த என் அண்ணர், கட்டிலில் கிடந்தவரையும் வெறும் நெற்குதிரையும் பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னார்.

"சித்திரை வருசம் வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு ரெண்டு பேரையும் இஞ்ச விடமாட்டன். காணியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். என்னோடை வந்து இருங்கோ."

அண்ணர் பாசக்காரர். அதுதான் சங்கடம். பாசத்தோடு கூப்பிடுகிறவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவர் வீட்டுக் குசினி அடுப்படியில் அவர் மனைவியான மச்சாளுக்குக் கையாளாக மிச்சக் காலத்தைக் கழிக்க எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. இங்கே ஓலைக் கொட்டிலானாலும் அடுப்பு என்னுடையது. சித்திரைக்குள் எங்கள் காலில் நாங்கள் நிற்கிறோம் என்று காட்டினால் தப்பலாம். இல்லையென்றால் காணி போய்விடும்.

அப்போது கைகொடுத்தவர் பக்கத்துக் கிராமத்து எருமைக்கார அக்கா. தலைமுறை தலைமுறையாக வன்னியிலேயே இருந்த குடும்பம். என்னைவிடச் சற்று மூத்தவர், உரத்த குரல். "பாலை நான் தாறன். உறைய விட்டு விக்கிறது உன்ரை பாடு" என்று ஒருநாள் வாளியோடு வந்து நின்றார். நான் கேட்கவேயில்லை.

பால் வந்தது, தயிரும் உறைந்தது, விற்கத்தான் வாய் இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகையொன்றில் கரி பூசி, சுண்ணாம்பால் எழுதி, ஸ்டேசன் வேலியில் சாத்தினேன். "இங்கு தயிர் விற்கப்படும்." சனங்கள் அதைப் பார்த்துவிட்டு இளநீர் வாங்கினார்கள். "கோர்ட்டிலை ஒட்டுற நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" என்று கணவர் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

சாமான் சுற்றிவந்த பழைய பேப்பர்களை எடுத்துவைத்து, குளிக்கிற சவர்க்காரத்துக்கும் டொனிக்குக்கும் எப்படி விளம்பரம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லாம் ஒரே தந்திரம்தான். முதலில் ஆளைக் கூப்பிடுகிறார்கள். பிறகு அவருக்கு ஒரு குறை இருப்பதாக ஞாபகப்படுத்துகிறார்கள். பொருளைக் கண் முன்னே கொண்டுவந்து காட்டிவிட்டு, பிந்தினால் கிடையாது என்று அவசரப்படுத்துகிறார்கள். இதுதானா, எனக்கு வராதா என்று எழுதினேன்:

"வெயிலில் வாடி வந்தவர்களே! காட்டில் மேய்ந்த எருமை. கறந்தால் வாளி வழியும். கவிழ்த்தாலும் விழாத தயிர். ரயில் வெளிக்கிட்டால் கிடையாது!"

அன்றைக்கு எல்லா முட்டியும் போயிற்று. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் யன்னலுக்கு வெளியே முட்டியை உண்மையாகவே கவிழ்த்துப் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது. தயிர் விழவில்லை. அவர் இன்னொன்றும் வாங்கினார். பார்க்கிற எல்லாரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு வீடு போனேன்.

அந்த வெற்றி ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. உறவினர் ஒருவரை ரயிலேற்ற அக்கா ஸ்டேசனுக்கு வந்திருந்தார். பெட்டிக்குள்ளிருந்து யாரோ பலகையை ராகம் போட்டுப் படித்தார்கள். "கறந்தால் வாளி வழியும்!" அக்காவின் முகம் மாறியதை நான் கண்டேன். அடுத்த நாள் அவருடைய நல்ல எருமை காலை உதறிப் பாலை அடக்கிக்கொண்டது.

பால் மாட்டைக் கண்டால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய்விட்டுப் புகழமாட்டார்கள். "ஏதோ கறக்குதோ?" என்றுதான் கேட்பார்கள். "ஏதோ, தேத்தண்ணி போடக் காணும்" என்பதுதான் பதில். வாளி வழிந்தாலும் அதுதான் பதில். புகழ்ந்தால் நாவூறு பட்டுப் பால் வற்றிவிடும் என்ற பயம். எனக்கும் இது தெரியாததல்ல. எழுத்துக்கு நாக்கு இல்லைத்தானே என்று நினைத்துவிட்டேன். அதைப் படிக்க ஒரு ரயில் நிறைய நாக்கு வரும் என்று யோசிக்கவில்லை.

"ஊருக்குள்ளை ஒருத்தரும் சொல்லாத கதையை ரயிலுக்குச் சொல்லிப்போட்டியே!" என்று அக்கா எங்கள் வேலிப் படலையில் நின்று கத்தினார். "கொழும்புச் சனத்தின்ரை வாயெல்லாம் என்ரை மாட்டிலை!"

"அக்கா, அதுகள் உங்கடை மாட்டைக் கண்டதே இல்லை."

"காணாமல் சொல்லுற நாவூறுதான் கூடுதலாப் பிடிக்கும்."

அன்றோடு அக்கா தந்த பால் நின்றுபோனது. பங்குனியும் பாதி போய்விட்டது. போய்க் கதைத்துப் பார் என்றார் கணவர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். வெறும் முட்டிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கோபம் இறங்கியது. மாட்டைப் பற்றிக் கதைக்கிற மாதிரியே தயிரைப் பற்றியும் எழுதினால் என்ன என்று பிறகு தோன்றியது. பலகையைக் கழுவிப் புதிதாக எழுதி, அதைச் சுமந்துகொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, உரக்கப் படித்தேன். என் வாழ்க்கையிலே நான் கூவியது அன்றைக்கு மட்டும்தான்.

"எருமைத் தயிர். ஏதோ இருக்கிறது. கொஞ்சம் புளிக்கும். வீடு போய்ச் சேர இன்னும் புளிக்கும்."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "முட்டியும் கோணல் எண்டு போடு" என்றார். போட்டேன். உள்ளே போனவர் வாளியோடு வந்தார். மாடு அன்றே கறந்ததா, முன்பே கறக்கத் தொடங்கிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது.

ரயிலில் சிரிப்பு. "புளிக்கும் எண்டு எழுதி விக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். ரெண்டு தாங்கோ" என்று ஒருவர் கையை நீட்டினார். சாப்பிட்டவர்கள், "பொய், புளிக்கேல்லை!" என்று அடுத்த பெட்டிக்கும் கேட்கும்படி சத்தமாய்ச் சொன்னார்கள். புகழ்கிற வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் வவுனியாக் கடைக்காரர்களுக்கு நான் எழுதிக்கொடுத்த நோட்டீஸ்கள் எல்லாமே இந்தப் புத்தியில் பிறந்தவைதான்.

சித்திரையில் அண்ணர் வந்தார். அவருக்குச் சொல்வதற்கென்று நான் பேச்சு ஒன்று தயார் பண்ணி வைத்திருந்தேன். எங்கே தொடங்குவது, எங்கே கண்கலங்குவது, எல்லாம் ஒழுங்கு. அவரைக் கண்டதும் தொடக்கத்திலேயே அழுதுவிட்டேன். "அழாதை. வெளிக்கிடு" என்று அண்ணர் தலையைத் தடவினார். அவர் எழும்பவும், அக்கா பால் வாளியோடு படலையைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

"அண்ணை, கூட்டிக்கொண்டு போறதெண்டால் போங்கோ, நான் மறிக்கேல்லை" என்றார் அக்கா. "உங்கடை தங்கச்சிக்கு ஒரு மாடு கட்டத் தெரியாது. வாய் காதுவரைக்கும் நீளம். கோவம் வந்தால் முகத்தைப் பாக்கேலாது. ஒரு சதத்துக்கு உதவாது, அண்ணை."

சொல்லிவிட்டு வாளியைக் கீழே வைத்தார். அதன் பிடியை விடவில்லை.

அண்ணர் வாளியையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார். அவரும் பால் மாடு வைத்திருக்கிறவர்தான். பிறகு, "அப்ப சரி, இருக்கட்டும்" என்றார். என்னைப் பார்த்தல்ல, அக்காவைப் பார்த்து.