ஹாரனுக்குப் பச்சை நூல்

பழைய பிக்கப் வண்டிக்குப் புது ஒயரிங் போட இன்று டாஷ்போர்டைக் கழற்றிய எலக்ட்ரீஷியன், "இன்னாக்கா இது, ஒயர்ல நூல் கட்டிவெச்சிருக்காங்க?" என்றார்.

கருகிய ஒயர் வாசனையோடு, நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டின் சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தின நாள் திரும்பி வந்தது. கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக் கடைகளுக்குத் தேங்காய் ஏற்ற வேண்டிய இதே வண்டியில் விளக்கும் எரியவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் காயலான் கடைதான் என்றார் அப்பா. ஒயரெல்லாம் ஒரே கறுப்பு. தையல் வேலை செய்த அம்மா ஒவ்வொன்றாய்ப் பிரித்து, விளக்குக்குச் சிவப்பும் ஹாரனுக்குப் பச்சையுமாக அடையாள நூல் கட்டி, மறுபடி இணைத்தாள்.

"ஜாக்கெட் தைக்கிறியா, வண்டி ரிப்பேர் பண்றியா?"

"முன்னாடி வந்து நின்னு பாருங்க."

அப்பா நின்றார். ஹாரன் அலறியது. அவர் துள்ளி விலகினார்.

"இப்ப சொல்லுங்க, யாரைக் காயலான் கடையில போடலாம்?"

இன்று எல்லா ஒயரும் மாறின. புது ஹாரன் ஒயரில் பச்சை நூலை நானே கட்டினேன். எலக்ட்ரீஷியனை முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு, அழுத்தினேன்.