விசிலுக்கு முன்னால்

பார்சல் கிடங்கில் அவரைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட்டில் ஓடி வரும் பெட்டிகளில் மூலை நசுங்கியதையும் அடி ஈரமானதையும் பார்த்துத் தூக்கிப் பக்கத்திலிருக்கும் சிவப்புத் தொட்டியில் போடுவது அவர் வேலை. வருடக்கணக்காக அதையே செய்கிறார். எதிரில் நிற்பவரிடம் வீட்டுக் கதை பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு நிற்காது, கை மட்டும் போய் ஒரு பெட்டியைத் தூக்கிவிடும். தூக்கிய பிறகுதான் தூக்கியதே அவருக்குத் தெரியும். தொட்டிக்குப் போன பெட்டி மறுபடி பெல்ட் ஏறியதாகச் சரித்திரமே கிடையாது. மற்றபடி பரம சாது. பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற மனிதர்.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான். கிடங்கில் ஆறு பேர் கூட்டு. ஆளுக்கு டீயும் பன்னும் வாங்குகிற காசைப் போட்டு வைப்பார்கள். லீக் கால்பந்து போனில் நேரலையாக வரும். மேலே ஆட்டம் ஓடும், கீழே அவரவர் பொறுக்கி எடுத்த ஐந்து ஆட்டக்காரர்களின் முகம் வரிசையாக நிற்கும். அந்த ஐந்தில் ஒருவன் களத்தில் பந்தைப் பறித்தால் புள்ளி, பாஸ் கொடுத்தால் புள்ளி, கோல் போட்டால் அள்ளிக்கொள்ளலாம். கேப்டனாக வைத்தவனுக்கு எல்லாமே இரட்டிப்பு. ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றலாம். ஆனால் ஒருவன் அடிபட்டு விழுந்து ரெஃப்ரீ விசில் ஊதிவிட்டால் கதவு சாத்திவிடும். அப்புறம் அந்த நொண்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். ஆகவே விழுந்தவன் எழுவானா மாட்டானா என்று விசிலுக்கு முன்னால் கண்டுபிடிக்கிறவன் பிழைத்தான். இதில் பருந்தை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

அந்த லீக் ஆட்டக்காரர்களில் ஒருவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அப்பா அம்மா போனபின் ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது பருந்துதான். இரவு ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய வந்தாலும், அவனைச் சைக்கிளில் வைத்து மைதானத்தில் இறக்கிவிட்டு வந்துதான் படுப்பார். அந்த வீட்டில் வேறு பிள்ளை இல்லை. அவன்தான் எல்லாம்.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு அல்ல. பெரிய கிளப் ஒன்றிலிருந்து மச்சானின் ஆட்டத்தைப் பார்க்க ஓர் ஆள் வருகிறார். பிடித்துப்போனால் சம்பளம், தங்க இடம், வெளியூர் ஆட்டம் என்று அவன் வாழ்க்கையே திசை மாறிவிடும். அக்கா காலையிலிருந்து ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் மைதானத்துக்கு வந்தால் எனக்குக் கை கால் ஓடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், இருவரும் வீட்டிலேயே சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பருந்து அவனைக் கேப்டனாகப் போட்டிருந்தார். அதை மனைவியிடம் காட்டினார். அவள் ரொம்ப நாள் கழித்து அவர் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

முதல் பாதி முழுக்க மச்சான் பின்னி எடுத்தான். பருந்தின் புள்ளிகள் கிடுகிடுவென்று ஏறின. அக்கா ஒவ்வொரு பாஸுக்கும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது பாதியில் அவன் ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு பறந்தான். எதிரணித் தடியன் ஒருவன் குறுக்கே காலை விட்டான். மச்சான் விழுந்தான், ஒரு தடவை உருண்டான், முழங்காலைப் பிடித்துக்கொண்டான். ரெஃப்ரீ கையை வீசி ஆடு ஆடு என்றார். மைதானம் முழுக்க நடிப்பு நடிப்பு என்று கூச்சல். வர்ணனை செய்கிறவர்கூட, பையனுக்கு நல்ல நடிப்பு வருகிறது என்று சிரித்தார். பந்து மறுகோடிக்குப் போய்விட்டது.

அக்கா எழுந்து நின்று, எந்திரிடா, எந்திரிடா என்று போனைப் பார்த்து முணுமுணுத்தாள். அவன் எழவில்லை. அதற்கு அப்புறம்தான் விசில் கேட்டது.

அவள் கண் தற்செயலாகப் படத்துக்குக் கீழே இறங்கியது. ஐந்து முகங்கள் இருந்தன. கேப்டன் இடத்தில் முன்மயிரைத் தூக்கிச் சீவிய எவனோ ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"என்னங்க, இதுல தம்பி எங்க?"

பருந்து குனிந்து பார்த்தார். யார் எடுத்தது என்றுதான் முதலில் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். பிறகு தன் வலது கட்டைவிரல் இன்னும் திரையின் மேலேயே இருப்பதைக் கண்டார். தூக்கிய பிறகுதான் தூக்கியது தெரிந்தது. மேலே படத்தில் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப மாத்தினீங்க?"

"தெரியல."

அது பொய் இல்லை. தெரிந்து செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வண்டியில் அவள் இருவருக்கும் நடுவில் தன் கைப்பையை வைத்துக்கொண்டாள். அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து வந்தார்.

வார்டில் மச்சான் முழங்காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தான். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றான். பார்க்க வந்த கிளப் ஆள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாராம். அதையும் அவனே சிரித்தபடி சொன்னான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா லௌட்ஸ்பீக்கர் வந்து தொலைய வேண்டும்? கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரின் பட்டப்பெயர் அது, ஆறு பேர் கூட்டில் ஒருவர். தங்கமான மனிதர்தான், வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. ஆறுதல் சொல்லத்தான் வந்தார். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"தம்பி, ஊரே நடிப்புன்னு கத்துச்சு. நாங்க அஞ்சு பேரும் அப்படியே நம்பி ஏமாந்தோம். உங்க மாமா மட்டும் விசிலுக்கு முன்னாடியே உன்னைத் தூக்கிட்டாருப்பா. இன்னைக்குக் காசு மொத்தமும் அவருக்குத்தான்."

சொல்லிவிட்டுக் காசை வேறு நீட்டினார். யாரும் வாங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் என்னவோ புரிந்து, நைட் ஷிஃப்ட் இருக்கிறது என்று முனகிக்கொண்டே வெளியே போனார்.

பருந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் திட்டுவான் என்று காத்திருந்தார். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நிற்கத் தயாராக இருந்தார்.

"அங்க படுத்துக் கிடக்கும்போது அதுதான் மாமா தாங்கல. நடிக்கிறேன்னு சொல்றாங்களேன்னு இருந்துச்சு," என்றான் மச்சான். "நீங்க ஒருத்தராவது நம்பியிருக்கீங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. மாமா, மாமா என்று அவர் பின்னாலேயே சுற்றி வளர்ந்தவன் அல்லவா? அவர் கையைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? பள்ளி லீவில் கிடங்குக்கு வந்து, பெல்ட் ஓரமாக உட்கார்ந்து, அந்தக் கை ஒரு தடவையாவது தப்புப் பண்ணுமா என்று பார்த்தே பொழுதைக் கழித்தவன் அவன்.

"டாக்டர் கேட்டா மழுப்புறார். நீங்க சொல்லுங்க மாமா. உங்க கண்ணு தப்பாது. நான் திரும்ப ஆடுவேனா?"

பருந்து வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை. விழுந்த மாதிரியும் உருண்ட மாதிரியும் அந்தக் கால் மடங்கியிருந்த மாதிரியும்தான் கண்முன்னால் வந்து நின்றன.

"ஆடுவேடா," என்றாள் அக்கா அவசரமாக. "அவரைப் போய்க் கேக்கறியே. அவர் என்ன டாக்டரா?"

மச்சான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆடுவே," என்றார் பருந்து.

மச்சான் பார்வையைக் கட்டுப் போட்ட முழங்காலுக்கு இறக்கினான்.

"இவ்வளவு யோசிச்சு நீங்க எதையும் சொன்னதில்ல மாமா," என்று சொல்லிவிட்டுப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.