எல்லார் வீட்டிலும் இருந்த எண்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடேறிய சமயம். சங்கராபுரம் சாலையில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். என் மூத்த மகன் அதைப் படம் பிடித்து, வீட்டு வைஃபையிலிருந்தே இணையத்தில் போட்டுவிட்டான். மரத்தை வெட்டியவன் அவன் இல்லை. ஆனாலும் கேஸ் என்று ஒன்று விழுந்தால், பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த அரசு வேலை போய்விடும்.

டீக்கடையில் ஒருவர், "ஒவ்வொரு நெட் லைனுக்கும் ஒரு நம்பர் இருக்குதாம். அத வச்சி நேரா வூட்டாண்டயே வந்துடுவாங்க" என்றார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அந்த எண்ணைக் காட்டச் சொல்லி மகனைக் கேட்டேன். 192.168 என்று ஆரம்பித்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன், ஆனால் எண்கள் மறக்காது. அதையே முணுமுணுத்துக்கொண்டு, கேபிள் லைன் இழுக்கும் என் மச்சான் வீட்டுக்குப் போனேன். எதையும் நேராகக் கேட்க எனக்குக் கூச்சம். மழையைப் பற்றி, கரும்பைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, அவன் வேலைக்குக் கிளம்பும்போதுதான் எண்ணைச் சொன்னேன்.

"இன்னா மாமா, என் வூட்டு நம்பர எதுக்கு சொல்லிக்கினு இருக்கீங்க?" என்று தன் போனைக் காட்டினான். அதே எண். இவனையும் இதில் இழுத்துவிட்டோமே என்று பயந்து, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "எல்லார் வூட்லயும் இதாங்க மாமா. உள்ளுக்குள்ள பொழங்கறதுக்குன்னே கொஞ்சம் நம்பர தனியா வுட்டு வச்சிக்கிறாங்க. வெளிய போவாது. நீங்க பையன பெரியவன்னு கூப்பிடறீங்க. வூட்டுக்கு வூடு ஒரு பெரியவன் இருக்கான். கவர் மேல பெரியவன்னு மட்டும் எழுதுனா போஸ்ட்மேன் யாராண்ட குடுப்பாரு?"

மூச்சு வந்தது. வாசலைத் தாண்டியவன் திரும்பி நின்றேன். "அப்ப வெளிய எப்டி போவுது?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "அதுக்கு வேற நம்பரு. கம்பெனி குடுக்கறது. நம்ம தெருவே அந்த ஒண்ணுலதான் போவுது. ஆனா எந்த நேரத்துல எந்த வூடுன்னு அவங்களாண்ட இருக்கும். போலீஸ் கேட்டா குடுத்துதான் ஆவணும்."

மகன் படத்தை அழித்துவிட்டான். எனக்குத்தான் அழியவில்லை. தெருவில் வண்டி நின்றாலே எழுந்து பின்கட்டுக்குப் போவேன். போராட்டம் ஓய்ந்தது. யாரும் வரவில்லை.

பிறகு ஒரு காலை, வாசலில் ஒரு குரல் என் பெயரையும் சேர்த்து மகனுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வீட்டில் யாரும் அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. நான் பின்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"ரிஜிஸ்தர் தபாலுங்க. வேலை ஆர்டர் போலக்குது" என்றார் தபால்காரர்.